நூறு ரூபாய் வெட்டு



அரசாங்கத்தின் பணப்பெட்டி மீது ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு இருக்கும் அதிகாரம் எவ்வளவு என்று கேட்டால், நான் நூறு ரூபாய் என்று சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மக்களவையில் ஒரு துறையின் மானியக் கோரிக்கை வரும்போது, "இந்தத் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்" என்று எந்த உறுப்பினரும் நோட்டீஸ் கொடுக்கலாம். அடையாள வெட்டு என்று பெயர். லட்சம் கோடியில் நூறு ரூபாய் குறைந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். அந்த நூறு ரூபாயைச் சாக்காக வைத்து, ஒரு குறிப்பிட்ட குறையை அவையில் எழுப்பலாம். பாலம் இடிந்தது, பென்ஷன் வரவில்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, எதுவானாலும் சரி.

இன்னும் இரண்டு வகை வெட்டு உண்டு. கொள்கையே தப்பு என்று நினைத்தால், மொத்தத் தொகையையும் ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். ஊதாரித்தனம் என்று நினைத்தால், இத்தனை கோடியைக் குறை என்று கணக்குச் சொல்லிக் கேட்கலாம். மூன்றில் எது நிறைவேறினாலும் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்துவிட்டதாகப் பொருள். ஆகவே எதுவும் நிறைவேறுவதில்லை. 2010 ஏப்ரலில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த வெட்டுத் தீர்மானத்துக்கு ஆதரவாக 201 பேர், எதிராக 289 பேர் வாக்களித்தார்கள். தோற்றது பெரிய செய்தியில்லை, வாக்கெடுப்பு வரைக்கும் போனதுதான் செய்தி.

கணக்குத் தணிக்கையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். தணிக்கைக்காரன் வருவது எப்போதும் கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு. இலை எத்தனை விழுந்தது, சாம்பாருக்குப் பருப்பு எத்தனை கிலோ என்று அப்போது கேட்டுக்கொண்டிருப்போம். பந்தல் போடும் முன்பே கேட்க வேண்டியவர்கள் அவையில் இருக்கிறார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள், முக்கியமாகச் சம்பளம் என்று வரும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சம்பளத்தை அவையின் கண்ணிலிருந்து மறைப்பது புதிய வித்தை இல்லை. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1919ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களுக்குச் சட்டசபை கொடுத்தது, பட்ஜெட்டின் மீது வாக்களிக்கவும் விட்டது. ஆனால் ராணுவச் செலவு, கடனுக்கான வட்டி, லண்டனிலிருந்து நியமிக்கப்பட்ட அதிகாரிகளின் சம்பளம், அவர்களுடைய பென்ஷன், இவையெல்லாம் வாக்கெடுப்புக்கு வராது என்று ஒரே பிரிவில் எழுதிவைத்துவிட்டது. கலெக்டர் துரையின் சம்பளத்தில் ஒரு அணாவைக் குறைக்கச் சொல்லக்கூட அவைக்கு வழியில்லை. 1930 மார்ச்சில், உப்பெடுக்கப் புறப்படும் முன்பு, காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் கையில் எடுத்தார். வைஸ்ராயின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல், சராசரி இந்தியனின் ஒரு நாள் வருமானம் இரண்டு அணாவுக்கும் கீழே என்று கணக்குப் போட்டு, உங்கள் வருமானம் அவனுடையதைப் போல ஐயாயிரம் மடங்குக்கு மேல் என்று வைஸ்ராயிடமே சொன்னார். மறு ஆண்டு கராச்சி காங்கிரஸ், நிபுணர்களைத் தவிர எந்த அரசு ஊழியருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று தீர்மானம் போட்டது. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக உட்கார்ந்தபோது அவரும் அமைச்சர்களும் அந்த 500தான் வாங்கினார்கள். அவர்களுக்குக் கீழே வேலை பார்த்த ஐ.சி.எஸ். செயலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு வாங்கினார்கள். அந்தக் காலத்துக் கோட்டை வராந்தாவில் யார் யாருக்கு முதலில் வணக்கம் வைத்தார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

சுதந்திரம் வந்த பிறகும் வாக்கெடுப்புக்கு வராத செலவு என்று ஒரு பட்டியல் அரசியலமைப்பில் இருக்கிறது. குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆகியோரின் ஊதியம், கடன் வட்டி. இதில் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்று நீதிபதியின் சம்பளத்தை அவை குறைத்துவிடக் கூடாது அல்லவா? தணிக்கையாளருக்கும் அதே பாதுகாப்பு. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இந்த அரசியலமைப்பில் மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவராகத்தான் இருப்பார் என்று 1949இல் பேசியிருக்கிறார். எங்கள் துறையில் இதைச் சொல்லாத பிரிவு உபசார விழாவே கிடையாது.

மற்ற எல்லாச் செலவுக்கும் அவையின் வாக்கு வேண்டும். அந்த வாக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள்.

மத்திய பட்ஜெட்டில் மானியக் கோரிக்கைகள் நூறுக்குப் பக்கம். மக்களவை அவற்றில் நாலைந்து அமைச்சகங்களைத்தான் உருப்படியாக விவாதிக்கிறது. மீதியெல்லாம் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்குச் சபாநாயகர் மொத்தமாக வாக்குக்கு விடுவார். கில்லட்டின் என்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் தலையை வெட்டிய அதே கருவியின் பெயர்தான், இங்கே வெட்டுப்படுவது விவாதம். 2018 மார்ச்சில் ஒரு அமைச்சகம்கூட விவாதிக்கப்படவில்லை. கூச்சலுக்கு நடுவே அத்தனை கோரிக்கைகளும் நிதி மசோதாவும் அரைமணி நேரத்தில் நிறைவேறின. 2023 மார்ச்சில் மறுபடியும் அதே கதை, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய், விவாதம் இல்லை. கூச்சல் போட்டவர்களையும் சொல்ல வேண்டும், கூச்சல் வசதியாக இருந்ததென்று விட்டவர்களையும் சொல்ல வேண்டும். 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன, கோரிக்கைகளை அவை முன்கூட்டியே படித்து அறிக்கை தருகின்றன, அது உண்மை. நல்ல வேலை, பலமுறை கட்சி பேதம் இல்லாத வேலை. ஆனால் பரிந்துரையை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை.

நம் ஊர்ச் சட்டப்பேரவையில் நிலைமை வேறு. இங்கே மானியக் கோரிக்கை விவாதம் வாரக்கணக்கில் நடக்கிறது. துறைதோறும் கொள்கை விளக்கக் குறிப்பு அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். உறுப்பினர் எழுந்தால் முதலில் தலைவருக்கு நன்றி, பிறகு தொகுதிக்கு ஒரு கலைக் கல்லூரி, ஒரு துணை மின்நிலையம், ஒரு புறவழிச்சாலை. அமைச்சர் பதிலுரைக்கு எழுந்ததும் பத்திரிகையாளர் மாடத்தில் எல்லோரும் பேனாவை எடுப்பார்கள், புதிய அறிவிப்புகள் வரும் நேரம் அது. செலவை ஏன் என்று கேட்பதற்காக ஒதுக்கிய நாள், மேலும் செலவை அறிவிக்கும் நாளாக மாறிவிட்டது. இந்த ரசவாதத்தை நம் சபையைப் போல யாரும் செய்யவில்லை. போதாக்குறைக்கு விதி 110 இருக்கிறது. அதன் கீழ் அறிக்கை படித்தால் விவாதமே கிடையாது. 110 என்ற எண்ணை ஒரு காலத்தில் நம் ஊரில் சிறு பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் 2025–26 பட்ஜெட்டை எடுத்துக்கொண்டால், வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி. அதில் சம்பளத்துக்கு 90,000 கோடிக்குச் சற்று மேல், ஓய்வூதியத்துக்கு 41,000 கோடிக்கு மேல், வட்டிக்கு 70,000 கோடிக்கு மேல். மூன்றையும் கூட்டினால் வருகிற ரூபாயில் அறுபது காசு போய்விடுகிறது. டீக்கடையில் இதைச் சொன்னால் உடனே "எல்லாம் கவர்மெண்ட் ஸ்டாஃப் தின்னுடறான்" என்பார்கள். அந்த ஸ்டாஃப் யார்? பெரும்பகுதி வாத்தியார்கள், போலீஸ்காரர்கள், நர்ஸுகள். அவர்கள் சம்பளம் அதிகமா, குறைவா என்பதில் எனக்கும் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அதை முடிவு செய்வது யார் என்பதில்தான் எனக்கு ஆச்சரியம்.

ஊதியக்குழுவைச் சொல்வீர்கள். முதல் மத்திய ஊதியக்குழு 1946இல் வந்தது, தலைவர் நம் ஊர் சீனிவாச வரதாச்சாரியார், ஃபெடரல் கோர்ட் நீதிபதி. பஞ்சப்படியோடு சேர்த்துக் கடைசி ஊழியனுக்கு 55 ரூபாய் என்று வைத்தார்கள். ஏழாவது குழு அதை 18,000 ஆக்கியது. எட்டாவது குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025இல் அமைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் குழுக்களை அமைப்பது அமைச்சரவை, அறிக்கையைப் பெறுவது அமைச்சரவை, ஏற்பதும் மாற்றுவதும் அமைச்சரவை. ஏழாவது குழு தன் பரிந்துரைக்கு ஆகும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 1,02,100 கோடி என்று கணக்குக் கொடுத்தது. 2016 ஜூன் 29 அன்று அமைச்சரவை அதை ஏற்றது. அன்று நாடாளுமன்றம் கூட்டத்தொடரிலேயே இல்லை, ஜூலை 18தான் கூடியது. ஜூலை 25 அன்று விதிகள் அரசிதழில் வந்தன. அவ்வளவுதான்.

இதற்கு இடம் கொடுப்பது அரசியலமைப்பின் 309ஆம் உறுப்பு. அரசு ஊழியரின் பணி நிபந்தனைகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிர்ணயிக்கலாம் என்கிறது அது. அப்படிச் சட்டம் வரும் வரை குடியரசுத் தலைவர் விதி வகுத்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி. 'வரும் வரை' என்று எழுதிய சட்டத்துக்காக எழுபத்தைந்து ஆண்டாகக் காத்துக்கொண்டிருக்கிறோம். மத்திய அரசு ஊழியர் சம்பளத்துக்கு அப்படிச் சட்டம் வரவில்லை, தற்காலிக வரியே நிரந்தரக் குடித்தனம் நடத்துகிறது.

இதன் விளைவைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். 2020 ஏப்ரலில் எம்.பி.க்களின் சம்பளத்தை ஓராண்டுக்கு 30 சதவீதம் குறைத்தார்கள். அதற்கு அவசரச் சட்டம் வந்தது, செப்டம்பரில் மசோதா வந்தது, அவையில் பேசினார்கள், சட்டமாயிற்று. ஏனென்றால் எம்.பி. சம்பளம் சட்டத்தில் இருக்கிறது. அதே ஏப்ரல் 23ஆம் தேதி, சுமார் 48 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்கும் 65 லட்சம் ஓய்வூதியர்களுக்கும் வர வேண்டிய அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அதற்கு நிதியமைச்சகத்தின் ஒரு அலுவலகக் குறிப்பாணை போதும். பதினெட்டு மாதத்தில் மிச்சமானது 34,402 கோடி என்று பிற்பாடு அவையில் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் வந்தது. நிறுத்தியது சரியா தவறா என்பதில் நான் இறங்கவில்லை. சில நூறு எம்.பி.க்களின் பணத்தில் கைவைக்கச் சட்டம் வேண்டும், ஒரு கோடிக் குடும்பங்களின் பணத்தில் கைவைக்கச் சர்க்குலர் போதும். அதைத்தான் சொல்கிறேன்.

எம்.பி. சம்பளத்தையும் இப்போது அவைக்கு வராதபடி ஏற்பாடு செய்துகொண்டார்கள், அது தனிக்கதை. 2018 நிதிச் சட்டத்தில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டோடு தானாக ஏறும் என்று எழுதிவிட்டார்கள். 2025 மார்ச்சில் ஒரு அறிவிக்கை, ஒரு லட்சம் 1,24,000 ஆயிற்று, 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. நம் எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தச் சாமர்த்தியம் போதவில்லை. 55,000 ரூபாயை 1,05,000 ஆக்கும் மசோதாவை அவர்கள் 2018 ஜனவரியில் பேரவைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் ஊரெல்லாம் அரசுப் பேருந்துகள் டிப்போவில் நின்றன. போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். எதிர்க்கட்சி எதிர்த்தது, மசோதா நிறைவேறியது. பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களிடம் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டிருந்தால் அச்சில் போட முடிந்திருக்காது. ஆனாலும் சொல்கிறேன், அவைக்கு வந்தது. வந்ததனால்தான் ஊர் பேசியது.

ஓய்வூதியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004 ஜனவரி முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. அதற்குப் பதிலாகப் புதிய ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது 2003 டிசம்பர் 22 தேதியிட்ட ஒரு அறிவிக்கை. அந்தத் திட்டத்தை நடத்தும் ஆணையத்துக்கான சட்டம் நிறைவேறியது 2013இல். பத்து வருஷம் பணம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பிடிப்பதைக் கண்காணிக்கும் சட்டம் பிறகு வந்தது.

அமைச்சரவையில் எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் போய்த் தைக்கும் என்பதற்கு ஐந்தாவது ஊதியக்குழுவை விட்டால் வேறு பாடம் இல்லை. அதன் தலைவரும் தமிழர்தான், திருநெல்வேலிச் சீமை எஸ். இரத்தினவேல் பாண்டியன். 1997 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். சம்பளத்தைக் கூட்டுங்கள், ஆனால் பத்து ஆண்டில் ஊழியர் எண்ணிக்கையை 30 சதவீதம் குறையுங்கள் என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருந்தார். மத்திய அரசு முடிச்சை அவிழ்த்தது. கூட்டச் சொன்னதை அவர் சொன்னதற்கும் மேலே கூட்டியது. ஊதிய நிர்ணயத்தில் அவர் 20 சதவீதம் சேர்க்கச் சொன்ன இடத்தில் 40 சதவீதம் கொடுத்தது. குறைக்கச் சொன்னதை அலமாரியில் வைத்தது. மத்தியில் கூடினால் மாநிலங்களில் கேட்காமல் இருப்பார்களா? பெரும்பாலான மாநிலங்களும் அதைப் பின்பற்றிக் கூட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் மாநில கஜானாக்கள் பல்லிளித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது பெரிய காரணம் என்பதில் பொருளாதாரக்காரர்களுக்குள் அதிகச் சண்டை இல்லை.

தமிழ்நாட்டில் அது எங்கே போய் முடிந்தது என்பது இந்த அரங்கில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் பலருக்கு நினைவிருக்கும். சிக்கனம் என்று சலுகைகளில் கைவைத்தார்கள். 2003 ஜூலையில் ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டம் வந்தது, சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலை நீக்கம். விடிந்து பேப்பரைப் பார்த்தால் தன் வேலை இருக்கிறதா என்று தெரியாத நிலை. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. மன்னிப்பு எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பினார்கள். 1997இல் டெல்லியில் அந்த உயர்வின் கணக்கை, மாநிலங்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியோடு அவையில் ஒரு வாரம் அலசியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அலசவில்லை என்பது மட்டும் உண்மை.

நடந்து முடிந்த பிறகு கேட்கும் வேலையை நம் நாடாளுமன்றம் ஒழுங்காகச் செய்ததே இல்லையா என்றால், செய்திருக்கிறது. 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி எழுந்தார். புதிதாகப் பிறந்த எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் ஏன் ஒரு கோடிக்கு மேல் பணம் போட்டது என்று கேட்டார். ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரின் மாப்பிள்ளை, கேட்டது தன் கட்சி நிதியமைச்சரை. நீதிபதி சாக்ளா விசாரணையைப் பகிரங்கமாக நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். டி.டி.கே. தன் பைக்கு ஒரு காசு எடுத்துப் போனார் என்று யாரும் சொல்லவில்லை. துறையில் நடந்ததற்கு அமைச்சர் பொறுப்பு என்ற கணக்கில் போனார். அந்தக் கணக்குப் புத்தகம் பிறகு எந்த அலமாரிக்குப் போயிற்றோ.

வழக்கமான வழி பொதுக் கணக்குக் குழு. இங்கிலாந்தில் 1861இல் கிளாட்ஸ்டன் ஏற்படுத்தியது, இங்கே 1921இல் வந்தது. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 உறுப்பினர்கள். 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சிக்காரர், முதலில் மினு மசானி. எங்கள் தணிக்கைப் பத்திகள் அங்கேதான் போய்ச் சேரும். போய்ச் சேருவதற்குள் செலவு செய்த அதிகாரி மாற்றலாகி, அவருக்குப் பின் வந்தவரும் மாற்றலாகி, மூன்றாமவர் குழு முன் நின்று "பதிவேடுகளைப் பார்த்துத் தெரிவிக்கிறேன், ஐயா" என்பார். முதலாமவர் ஓய்வு பெற்றுப் பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருப்பார். மாநிலங்களில் இந்த இடைவெளி இன்னும் நீளம்.

இதையெல்லாம் குறையாகச் சொல்கிற நான் யோக்கியனா? ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஒரு மாவட்டத் தலைநகரில் ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். தணிக்கைக்குப் போயிருந்தோம். சில்லறைச் செலவின வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வவுச்சரில் இப்படி இருந்தது: பினாயில் 2 லிட்டர், தென்னந்துடைப்பம் 6, கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் கழுவ ஆள் 1. மூன்றுக்கும் எதிரே தொகை, அடியில் கூட்டல். ஆளுக்குரிய தொகைக்கு நேரே ஒரு கைநாட்டு இருந்தது, ரெவன்யூ ஸ்டாம்ப் இல்லை. முந்தைய மாதங்களைப் பார்த்தேன், எதிலும் இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது. ஆட்சேபணை கிடைத்த தணிக்கைக்காரனின் மகிழ்ச்சி வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. உடனே ஒரு ஹாஃப் மார்ஜின் எழுதினேன். தாளின் வலப்பாதியில் நம் கேள்வி, இடப்பாதி அவர்கள் பதிலுக்குக் காலி. முறையான ரசீது இன்றிப் பட்டுவாடா செய்யப்பட்டது எப்படி என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அதே வளாகத்துக்குப் போனேன். வாளியோடு ஒரு அம்மா எதிரே வந்து நின்றார்கள். அறுபது வயது இருக்கும்.

"சார், என் பேர்ல ஏதோ எழுதிட்டுப் போயிட்டீங்களாமே. ரெண்டு மாசமா காசு நிறுத்தி வச்சிருக்காங்க."

நான் அவர் பெயரை எழுதவில்லை. அந்த வவுச்சரில் அவர் பெயரே இல்லை. 'ஆள் 1' என்றுதான் இருந்தது. அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாகத் துடைப்பத்துக்கும் பினாயிலுக்கும் பக்கத்தில் ஒரு வரியாக இருந்திருக்கிறார். அவருக்குக் கொடுத்த தொகை, அன்றைக்கு அரசே அறிவித்திருந்த குறைந்தபட்சக் கூலிக்குச் சமமா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். உள்ளே போய்ப் பேசி, அன்றே பணத்தைக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்கள். அதோடு அது முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

அந்தத் துடைப்ப வவுச்சர்தான் இன்றைக்கு வளர்ந்து பெரிய மரமாக நிற்கிறது. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு செலவுக்கும் கடைசியில் ஒரு தலைப்பு உண்டு. 'சம்பளம்' என்ற தலைப்பில் ஒரு ரூபாய் கூடினாலும் நிதித்துறை முறைக்கும், பத்திரிகை எழுதும், டீக்கடை பேசும். அதனால் அரசாங்கங்கள் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டன. ஆளைச் சம்பளத் தலைப்பிலிருந்து எடுத்து, அலுவலகச் செலவிலோ தொழில்முறைச் சேவையிலோ ஒப்பந்தப் பணியிலோ போட்டுவிடு. சம்பளச் செலவு கட்டுக்குள் இருப்பதாகக் கணக்குக் காட்டலாம். மத்திய அரசின் பொது நிதி விதிகளில் சேவைகளை வெளியாரிடம் பெறுவது எந்த அத்தியாயத்தில் வருகிறது தெரியுமா? நாற்காலியும் கம்ப்யூட்டரும் வாங்குகிற அதே கொள்முதல் அத்தியாயத்தில். காவலாளி, டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், துப்புரவுப் பணியாளர் எல்லோருக்கும் டெண்டர். ஏஜென்சிக்குப் போகிற தொகை கணக்கில் தெரியும். அதில் அந்த ஆளின் கைக்கு எவ்வளவு போயிற்று, பி.எஃப். கட்டினார்களா என்பது அவையின் கண்ணுக்குத் தெரியாது.

அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசு கணக்கில் சம்பளமே கிடையாது, மதிப்பூதியம்தான். மாதம் 3,000 ஆக இருந்தது 2018 அக்டோபரில் 4,500 ஆயிற்று. அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை சம்பளத் தலைப்பைத் தேடி வருகிறது, மதிப்பூதியத்தின் வாசலை அது மிதிப்பதில்லை. நிலைக்குழுக்கள் கூட்டச் சொல்லிப் பரிந்துரைத்திருக்கின்றன. நம் மாநிலம் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று சொந்தக் காசைச் சேர்த்துக் கொடுக்கிறது, அது பெருமைக்குரியது. ஆனால் அந்தச் 'சிறப்பு' என்ற சொல்லின் உள்ளே முழுக் காலமுறை ஊதியம் இல்லை என்ற செய்தியும் ஒளிந்திருக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கொன்றில் சொல்லிவிட்டது. தீர்ப்பைப் படித்த அதிகாரிகள் செய்த முதல் காரியம், தற்காலிக ஊழியர் அரசின் ஊழியரே இல்லை என்று ஆகும்படி ஏஜென்சியை நடுவில் நிறுத்தியது என்று என் சந்தேகம். சந்தேகம்தான், தணிக்கைக்காரனின் பழக்க தோஷம்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் கேட்டது ஊதிய உயர்வு மட்டுமல்ல. இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்தார்கள். கணக்கு மொழியில் சொன்னால், எங்களை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு மாற்றாதே என்றார்கள். அவர்களுக்குத் தலைப்பின் எண் தெரியாது, மாறினால் கைக்கு வருவது குறையும் என்று தெரியும். நடு இரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது.

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. மத்திய பட்ஜெட் ஆவணங்களில் செலவு விவரத் தொகுதி என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு அமைச்சகத்திலும் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று ஒரு அட்டவணை ஆண்டுதோறும் வருகிறது. அதில் இன்னும் ஒரு பத்தி போடச் சொல்கிறேன். ஏஜென்சி மூலம் எத்தனை பேர், அவர்கள் கைக்குப் போய்ச்சேர்ந்த தொகை எவ்வளவு. சேர்ந்த தொகையைக் கேட்கிறேன், ஏஜென்சிக்குக் கொடுத்த தொகையை அல்ல. மாநில பட்ஜெட்டிலும் அதே பத்தி. அது அச்சில் வந்துவிட்டால், சிறிய ஊரிலிருந்து முதல் முறை ஜெயித்துப் போன உறுப்பினர்கூட அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். தோற்கத்தான் போகிறது. ஆனால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அவைக் குறிப்பில் ஏறும், அடுத்து வருகிற தணிக்கைக்காரன் ஸ்டாம்பைத் தாண்டி ஒரு வரி கூடுதலாகப் படிப்பான்.

அடுத்து மாநிலப் பொதுத்துறை நிறுவனங்கள், போக்குவரத்துக் கழகங்களின் பென்ஷன் பாக்கி, மின்வாரியம் என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அரங்கை எட்டு மணிக்குப் பூட்ட வேண்டுமாம். அந்த மூன்று பக்கமும் விவாதமின்றி நிறைவேறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.